எண்கள் எல்லாம் சரி, ஆனால் ஆச்சி சரியில்லை: "எப்படித் தெரிந்தது?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

இரவுப்பணி_காரைக்குடி | திங்கள், காலை 9:10

காரைக்குடியில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் 11 ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்சாக இருக்கிறேன். போன மாதம் நடந்த ஒன்று மனதை விட்டு அகலவில்லை. நோயாளியை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எண்களை மாற்றவில்லை.

78 வயது ஆச்சி. அசதி, சாப்பாடு இறங்கவில்லை என்று சேர்த்திருந்தார்கள். பிள்ளைகள் வெளியூரில். துணைக்கு இருந்தது வீட்டு வேலை பார்க்கும் அம்மா. ஆச்சி ஓலையில் கொட்டான் (சிறு கூடை) முடைபவர். கையில் ஓலை இல்லாவிட்டாலும் விரல் சும்மா இராது. போர்வையின் ஓரத்தைப் பிடித்து ஒரே அளவாக மடிப்பார், பிரிப்பார், மறுபடியும் மடிப்பார். இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டேதான் மருந்து கொடுத்தேன்.

மூன்றாம் நாள் இரவு 9 மணிக்குப் பணி ஏற்றேன். மாலை 6 மணிக்கு கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது இது: பல்ஸ் 78, பிரஷர் 110/70, உடல் வெப்பம் 97, ஆக்சிஜன் 95, மூச்சு 18, நினைவு தெளிவு. பார்க்கிற யாரும் தாளைத் திருப்பிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார்கள். ஆனால் ஆச்சியின் விரல்கள் அன்று போர்வையை மடிக்கவில்லை. வெறும் காற்றில் எதையோ கிள்ளிக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தன. "ஆச்சி, சாப்பிட்டீர்களா?" என்றேன். "அப்பச்சி மலாயாவிலிருந்து வந்துவிட்டார்களா?" என்று தன் அப்பாவைப் பற்றி என்னைக் கேட்டார்.

டியூட்டி டாக்டரைப் போனில் கூப்பிட்டேன். "ஆச்சி ஒரு மாதிரி இருக்கிறார்கள், டாக்டர்." வைட்டல்ஸ் கேட்டார். மாலைத் தாளில் இருந்ததைப் படித்தேன். "எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வைத்துவிட்டார். அது என் தப்பு. மூன்று மணி நேரத்துக்கு முந்தைய எண்ணைப் படித்துவிட்டு, இப்போதைய ஆச்சிக்காக ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன்.

பிறகு நானே பார்த்தேன். முதலில் சர்க்கரை: 142. அதனால் குழப்பம் சர்க்கரை இறங்கியதால் இல்லை. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினேன்: 28. நம்பாமல் மறுபடியும் எண்ணினேன்: 28. துணைக்கு இருந்த அம்மாவிடம் கேட்டேன். மதியத்துக்குப் பிறகு ஆச்சி சிறுநீர் கழிக்கவே இல்லை. ஆச்சியின் பையிலிருந்த பழைய நோட்டில் பிரஷர் எப்போதும் 160-ஐ ஒட்டியே இருந்தது. தினமும் அடினலால் மாத்திரை, பிரஷரையும் பல்ஸையும் குறைப்பது. மாலை 4 மணிக்கு உடம்பு வலிக்குப் பாராசிட்டமால்.

அப்போதுதான் புரிந்தது. 110 என்பது உங்களுக்கும் எனக்கும் நல்ல பிரஷர். 160-இல் வாழ்ந்த உடம்புக்கு அது பெரிய இறக்கம். பல்ஸ் ஏறாமல் அடினலால் பிடித்து வைத்திருந்தது. காய்ச்சலைப் பாராசிட்டமால் மூடியிருந்தது. மீண்டும் கூப்பிட்டு இவற்றை வரிசையாகச் சொன்னேன். டாக்டர் நான்கு நிமிடத்தில் வந்துவிட்டார். சிறுநீர்த் தொற்று இரத்தத்தில் பரவியிருந்தது. எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்துவிட்டு உடனே ஆன்டிபயாட்டிக், டிரிப்ஸ். நள்ளிரவுக்குப் பிறகு ஆம்புலன்சில் மதுரைக்கு அனுப்பினோம்.

மறுநாள் காலை என்னுடன் இருக்கும் சின்னப் பெண் கேட்டாள்: "அக்கா, உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" "அனுபவம்" என்று சொல்லிவிட்டேன். அது பதிலே இல்லை. 11 ஆண்டு காத்திரு என்று அவளிடம் சொன்னதற்குச் சமம். இதைக் கற்றுக்கொடுக்க முடியுமா, முடியாதா? இங்கே இருக்கிற மூத்தவர்கள் சொல்ல வேண்டும்.

ஓய்வு_தேவகோட்டை | திங்கள், காலை 11:35

முடியும், தங்கச்சி. அரசுப் பணியில் 34 ஆண்டு இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் சொல்கிறேன். உனக்கு ஞானக்கண் எதுவும் திறக்கவில்லை. விரலைப் பார்த்தாய், அவ்வளவுதான். முதல் இரண்டு நாள் பார்த்து வைத்திருந்ததால் மூன்றாம் நாள் மாறியது கண்ணில் பட்டது. அந்தச் சின்னப் பெண்ணுக்குச் சொல்லவேண்டியது இதுதான்: நன்றாக இருக்கும்போது ஆளைப் பார்த்து வை.

மூச்சு எண்ணுவதைப் பற்றி ஒன்று. "மூச்சை எண்ணப்போகிறேன்" என்று சொன்னால் எந்த மனிதரும் இயல்பாக மூச்சு விடமாட்டார். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொள். அந்தக் கையை அப்படியே அவர் மார்பின்மேல் மடக்கி வை. நாடியை முடித்துவிட்டு, விரலை எடுக்காமல், கை ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணு. போர்வை கனமாக இருந்தாலும் கை ஏறுவது தெரியும். பேச வைத்துப் பார்ப்பதும் நல்லது. ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினால் எண்ணுவதற்கு முன்பே உனக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை என்னால் மறக்க முடியாது. ஒரு பெரியவர், 80-ஐத் தாண்டியவர். இரவெல்லாம் கத்துகிறார், டிரிப்சைப் பிடுங்குகிறார், எழுந்து ஓடப்பார்க்கிறார். "கையைக் கட்டிவிடலாம், தூக்க ஊசிக்கு எழுதி வாங்கலாம்" என்று வார்டில் பேச்சு. நானும் அதற்கு ஒத்துக்கொண்டு துணியை எடுக்கப் போனேன். போகிற வழியில் போர்வையைச் சரி செய்யும்போது என் கை அவருடைய அடிவயிற்றில் பட்டது. கல்லுபோல இருந்தது. கதீட்டர் குழாய் போட்டதும் 900 மில்லி சிறுநீர் வந்தது. பத்து நிமிடத்தில் "தாயே" என்று கும்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனார். என் கை தற்செயலாகப் பட்டது. படாமல் இருந்திருந்தால் அவரைக் கட்டியிருப்பேன். அன்றிலிருந்து, யாராவது பெரியவர் திடீரென்று முரண்டு பிடித்தால் முதலில் அடிவயிற்றில் கை வைக்கிறேன், அடுத்து சர்க்கரை, அடுத்து ஆக்சிஜன், அதற்குப் பிறகுதான் மற்ற பேச்சு.

செவிலியர்_பயிற்றாசிரியை | திங்கள், மதியம் 2:20

இரவுப்பணி சிஸ்டர், உங்கள் எண்களை வைத்தே ஒரு கணக்குப் போடுகிறேன். இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் ஒரு முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையை வெளியிட்டது. சுருக்கமாக "நியூஸ்" என்பார்கள். மூச்சு, ஆக்சிஜன், மேல் பிரஷர், பல்ஸ், நினைவு, வெப்பம் ஆறுக்கும் தனித்தனியாக 0 முதல் 3 வரை மதிப்பெண். ஆக்சிஜன் வைத்திருந்தால் கூடுதலாக 2.

மாலை 6 மணித் தாள்: மூச்சு 18-க்கு 0, ஆக்சிஜன் 95-க்கு 1, பிரஷர் 110-க்கு 1, மற்றவை 0. மொத்தம் 2. யாரையும் எழுப்பத் தேவையில்லை.

நீங்கள் பார்த்தது: மூச்சு 28-க்கு 3, ஆக்சிஜன் 1, பிரஷர் 1, புதிதாக வந்த குழப்பத்துக்கு 3. மொத்தம் 8. ஏழும் அதற்கு மேலும் என்றால் அவசரம், உடனே மருத்துவர் வரவேண்டும்.

கவனியுங்கள். இயந்திரம் சொன்ன எண்கள் இரண்டு கணக்கிலும் ஒன்றுதான். 2-ஐ 8 ஆக்கிய இரண்டுமே, மூச்சும் நினைவும், அங்கே எந்த இயந்திரமும் சொல்லாதவை. ஒரு மனுஷி பக்கத்தில் நின்று எண்ணியும் பேசியும் கண்டுபிடித்தவை. புதிய குழப்பத்தை இந்த முறையிலேயே 2017-இல் திருத்தியபோதுதான் சேர்த்தார்கள். அதற்கு முன்பு கண் விழித்திருந்தால் 0-தான்.

ஒரு வேண்டுகோள். அன்றைய மாலைத் தாள்கள் கிடைத்தால் மற்ற படுக்கைகளின் மூச்சு எண்ணையும் பாருங்கள். என்ன இருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது.

பள்ளத்தூர்_மகன் | திங்கள், மாலை 6:05

நான் மருத்துவத் துறையில் இல்லை. சிங்கப்பூரில் வேலை. ஆத்தா பள்ளத்தூர் வீட்டில், பகலில் ஒரு ஹோம் நர்ஸ், இரவில் சொந்தக்கார அம்மா ஒருவர். தினமும் காலையில் பிரஷர் மெஷின், ஆக்சிமீட்டர், சர்க்கரை மெஷின் மூன்றையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இரண்டு ஆண்டாக ஒரு நாள் தவறாமல் படம் வருகிறது. படம் வந்தால் நிம்மதியாக வேலைக்குப் போவேன். இந்த இழையைப் படித்துவிட்டு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. நான் ஆத்தாவைப் பார்க்கிறேனா, மெஷினைப் பார்க்கிறேனா? என்ன கேட்கவேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

இரவு_டாக்டர் | திங்கள், இரவு 8:50

நான் போனின் மறுமுனையில் இருக்கிறவன். என் தரப்பையும் கேளுங்கள்.

ஓர் இரவில் மூன்று தளங்களிலிருந்து அழைப்பு வரும். "ஒரு மாதிரி இருக்கிறார்" என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, எந்த ஒரு மாதிரிக்கு முதலில் ஓடுவது என்று என்னால் முடிவுசெய்ய முடியாது. அந்தச் சொல்லை நான் அலட்சியப்படுத்தக்கூடாது, ஒத்துக்கொள்கிறேன். நர்சுக்குக் கவலை என்பதே ஓர் அறிகுறிதான். ஆனால் சிஸ்டரின் இரண்டாவது அழைப்பைப் பாருங்கள். யார், இப்போது என்ன, முன்பு எப்படி இருந்தார், நான் பார்த்த எண் என்ன, எனக்கு என்ன வேண்டும். இந்த வரிசையை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பயன்படுத்தி, பிறகு மருத்துவமனைகளுக்குக் கொண்டுவந்தார்கள். கடைசி வாக்கியம்தான் முக்கியம். "பார்த்துச் சொல்லுங்கள் டாக்டர்" என்று முடித்தால் நான் போனிலேயே பார்த்துச் சொல்லிவிடுவேன். "நீங்கள் இப்போதே வந்து பார்க்கவேண்டும்" என்றால் வராமல் இருக்க எனக்கு ஒரு காரணம் வேண்டும்.

தேவகோட்டை அம்மா சொன்னதில் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். ஆளைத் தெரிந்து வைத்திருப்பது கண்ணைத் திறக்கும், அதே அளவுக்கு மூடவும் செய்யும். "அவர் எப்போதும் இப்படித்தான்" என்ற சொல்லால் நான் ஒரு நோயாளியை ஏறக்குறைய இழந்திருக்கிறேன். தினமும் வயிறு வலிக்கிறது என்று மணி அடிக்கும் ஒருவர். ஆறு நாள் வாயு மாத்திரை. ஏழாம் நாளும் மணி அடித்தார். வார்டே சலித்துக்கொண்டது, நானும்தான். வியர்வையில் சட்டை நனைந்திருந்ததைப் புதிதாக வந்த பயிற்சி மாணவி ஒருத்திதான் சொன்னாள். அவளுக்கு அவரைத் தெரியாது, அதனால் அவர் பேச்சை நம்பினாள். ஈசிஜி எடுத்தோம். மாரடைப்பு. சர்க்கரை நோய் உள்ளவர், நெஞ்சு வலி வரவே இல்லை.

ஓய்வு_தேவகோட்டை | திங்கள், இரவு 9:30

ஒத்துக்கொள்கிறேன், டாக்டர். "எப்போதும் இப்படித்தான்" என்று வாயில் வந்தால், கடைசியாக எப்போது எழுந்துபோய்ப் பார்த்தேன் என்று நம்மை நாமே கேட்கவேண்டும்.

கிராம_சுகாதாரம் | செவ்வாய், காலை 6:40

பள்ளத்தூர்த் தம்பிக்கு. நான் வீடு வீடாகப் போகிறவள். 2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதிலிருந்து பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன. நல்ல காரியம். அப்படிப் போனபோதுதான் அந்தப் பெரிய வீடுகளுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தேன்.

உங்கள் வீடு எனக்குத் தெரியாது, ஆனால் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆத்தா வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், ஓர் அறையில் படுத்திருப்பார். கழிவறை வீட்டின் பின்கோடியில். நடுராத்திரி எழுந்து, முற்றத்தைச் சுற்றி, இரண்டு மூன்று உயர்ந்த நிலைப்படிகளைத் தாண்டி, வழுவழுப்பான ஆத்தங்குடிக் கல்லில் நடந்து போகவேண்டும். காலை 7 மணிக்கு நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த பிரஷர் அந்த நடையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. படுத்திருக்கும்போது ஒரு தடவை எடுக்கச் சொல்லுங்கள். எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் மறுபடியும் எடுக்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 இறங்கினால் டாக்டரிடம் சொல்லவேண்டிய விஷயம். நிற்கும்போது நர்ஸ் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும்.

மாத்திரை டப்பாவையும் விரித்து வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மூன்று டாக்டர்கள் எழுதிய சீட்டு, ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மெஷின் படத்தோடு ஒரு கேள்வியும் கேளுங்கள்: "நேற்று செய்ததில் எதை ஆத்தா இன்று செய்யவில்லை?"

புதுநர்ஸ்_22படுக்கை | செவ்வாய், காலை 10:15

எல்லோரும் மூத்தவர்கள், மன்னிக்கவேண்டும். ஜிஎன்எம் செவிலியர் பட்டயப் படிப்பு மூன்று ஆண்டு முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இரவில் 22 படுக்கைக்கு நான் ஒருத்தி, உதவிக்கு ஓர் ஆயா. ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம் மூச்சு எண்ணினால் 22 நிமிடம். அதற்குள் யாருக்காவது டிரிப்ஸ் முடியும், யாராவது வாந்தி எடுப்பார், யாராவது பில் கேட்பார். நானும் 18 என்று எழுதியிருக்கிறேன். நிறையத் தடவை எழுதியிருக்கிறேன். இதை இங்கே சொல்வதற்கே கை நடுங்குகிறது. எழுதாமல் விட்டால் திட்டு விழும், எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

இரவுப்பணி_காரைக்குடி | செவ்வாய், காலை 11:00

கண்ணு, நடுங்காதே. ஆசிரியை கேட்ட தாள்களை இன்று காலை எடுத்துப் பார்த்தேன். அன்று மாலை எங்கள் தளத்தில் 16 பேர். 13 பேருக்கு மூச்சு 18. மீதி மூன்று பேருக்கு 20. நிமோனியாவோடு படுத்திருந்தவருக்கும் 18. அதற்கு முந்தின வாரத் தாள்களில் என் கையெழுத்திலும் 18 இருக்கிறது. மாலை ஷிஃப்ட்டுப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

செவிலியர்_பயிற்றாசிரியை | செவ்வாய், மதியம் 1:45

என் ஊகம் அதுதான்.

புதுநர்ஸ் சொன்னதில் முக்கால் பங்கு நிர்வாகத்தின் குறை. 22 பேருக்கு ஓர் ஆளை நிறுத்திவிட்டு "கவனிப்பு போதாது" என்று அந்த ஆளையே கேட்பது அநியாயம், அதை நான் எங்கேயும் சொல்வேன். ஆனாலும் எண்ணாத எண்ணை எழுதாதே, அம்மா. கட்டத்தைக் காலியாக விடு. காலிக் கட்டத்தைப் பார்க்கிறவர் "இதை யாரும் பார்க்கவில்லை" என்று தெரிந்துகொள்வார். 18-ஐப் பார்க்கிறவர் "பார்த்தாகிவிட்டது" என்று நம்பி ஏமாந்துபோவார். திட்டு வாங்குவது கஷ்டம்தான், தெரிகிறது.

"எப்படித் தெரிந்தது" என்ற முதல் கேள்விக்கு என் வகுப்பில் சொல்வதைச் சொல்கிறேன். பாட்ரிசியா பென்னர் என்ற அமெரிக்கச் செவிலியர் 1984-இல், புதியவள் விதியைப் பார்க்கிறாள், தேர்ந்தவள் முழு ஆளையும் ஒரே பார்வையில் பார்க்கிறாள் என்று விளக்கினார். அது உண்மை, ஆனால் மாணவிக்கு அதனால் உடனே பயன் இல்லை. செவிலியர் பேராசிரியர் கிறிஸ்டின் டேனர் 2006-இல் தந்த நான்கு படிகள் கைக்கு உதவும்: கவனிப்பது, பொருள் கொள்வது, செயல்படுவது, முடிந்தபின் திரும்பிப் பார்ப்பது. இரவுப்பணி சிஸ்டர் முதல் அழைப்பில் கவனித்த உடனே செயலுக்குத் தாவிவிட்டார். அடினலாலையும் பழைய நோட்டையும் பாராசிட்டமாலையும் சேர்த்துப் பொருள் கொண்ட பிறகு கூப்பிட்டபோது டாக்டர் வந்தார். நான்காவது படியை இப்போது இந்த இழையில் செய்துகொண்டிருக்கிறார். அந்தச் சின்னப் பெண்ணையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்யுங்கள், சிஸ்டர். கேஸ் ஷீட்டை விரித்துவைத்து, "இந்த இடத்தில் நீ என்ன நினைத்திருப்பாய்?" என்று கேளுங்கள்.

ஓய்வு_தேவகோட்டை | செவ்வாய், மாலை 5:10

ஆசிரியை சொன்னதில் ஒன்றில் எனக்கு வேறு கருத்து. கட்டத்தைக் காலியாக விடு என்று ஏழு மாதப் பெண்ணிடம் சொன்னால், அவள் வேலை போனால் யார் பொறுப்பு? நான் சொல்வது இது. பணி ஏற்றதும் கையில் எதுவும் இல்லாமல் ஒரு சுற்று நட. ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு வார்த்தை பேசு. காய்ச்சல்காரர், வயதானவர், இன்று ஆபரேஷன் ஆனவர், ஆக்சிஜன் வைத்திருப்பவர், உன் கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னவர், இவர்களுக்கு முழு நிமிடம் எண்ணு. ஐந்தாறு பேர்தான் வருவார்கள். மற்றவர்களுக்கு அரை நிமிடம் எண்ணி இரட்டித்துக்கொள். அதுவும் எண்ணியதுதான், கட்டமும் நிரம்பும்.

செவிலியர்_பயிற்றாசிரியை | செவ்வாய், மாலை 5:40

அரை நிமிடம் எண்ணினால் ஒழுங்கற்ற மூச்சு தப்பிவிடும், அம்மா. நடைமுறைக்கு நீங்கள் சொல்வது ஒத்துவரும் என்பதை மறுக்கவில்லை. பாடத்தில் நான் முழு நிமிடம் என்றே சொல்லிக்கொடுப்பேன்.

பள்ளத்தூர்_மகன் | புதன், காலை 8:25

சுகாதார அக்காவுக்கு. நேற்று ஹோம் நர்சிடம் நீங்கள் சொன்ன கேள்வியைக் கேட்டேன். யோசிக்கவே இல்லை, உடனே சொன்னார்: "மூன்று நாளாக ஆத்தா வாசல் கோலத்தைப் பார்க்க முகப்புக்கு வரவில்லை, அண்ணா. எழுந்தால் கண்ணை இருட்டுகிறது என்கிறார்கள்." ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் படம்தானே கேட்டீர்கள்" என்றார். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

படுத்து 148, நின்று 118. பிரஷர் மாத்திரை இரண்டு பெயரில் இல்லை, ஆனால் போன மாதம் புதிதாகச் சேர்த்த ஒன்று இருந்தது. டாக்டரிடம் பேசியாகிவிட்டது. அளவைக் குறைத்திருக்கிறார். இரவில் படுக்கை அருகே கமோட் நாற்காலி வைக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். ஆத்தா அதற்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கிராம_சுகாதாரம் | புதன், காலை 9:00

ஒத்துக்கொள்ள நாளாகும், தம்பி. வளவுக்குள் கமோட் வைப்பதை அந்த வயதில் யாரும் எளிதில் ஏற்கமாட்டார்கள். இரவில் மட்டும், விடிந்ததும் எடுத்துவிடுவோம் என்று சொல்லிப்பாருங்கள். அதுவரை நடைவழியில் விளக்கு எரியட்டும்.

இரவுப்பணி_காரைக்குடி | புதன், மாலை 4:30

கேட்டிருந்தவர்களுக்கு: ஆச்சி 12 நாள் கழித்து மதுரையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். துணைக்கு இருந்த அம்மா போனில் சொன்னார். உடம்பு பாதியாகிவிட்டதாம். ஓலையை இன்னும் கையில் எடுக்கவில்லையாம்.

எங்கள் சின்னப் பெண்ணோடு நேற்று அந்தத் தாளை விரித்துவைத்து உட்கார்ந்தேன். பிரஷர் 110-ஐ அவள் "நல்லது" என்றாள். பழைய நோட்டின் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் சேர்க்கும்போதே வழக்கமான பிரஷரைக் கேட்டு மேலே எழுதிவிடலாமே, அக்கா" என்றாள். 11 ஆண்டில் எனக்குத் தோன்றாதது. இன்று முதல் கேஸ் ஷீட்டின் தலைப்பில் கையால் எழுதுகிறோம்: வழக்கமான பிரஷர், வழக்கமான பேச்சு, நடை.

புதுநர்ஸ்_22படுக்கை | வியாழன், அதிகாலை 3:50

தேவகோட்டை அம்மா சொன்னபடி நேற்றிரவு வெறுங்கையோடு ஒரு சுற்று நடந்தேன். ஆறு பேருக்கு முழு நிமிடம் எண்ணினேன். நால்வருக்கு 20-க்குள். ஒருவருக்கு 24, ஆனால் அப்போதுதான் பாத்ரூம் போய்விட்டு வந்திருந்தார். கால் மணி நேரம் கழித்து எண்ணினால் 18. உண்மையாகவே 18.

இன்னொருவர், பித்தப்பை ஆபரேஷன் ஆகி இரண்டாம் நாள், 62 வயது. 12 மணிக்கு 22, இப்போது 3:30-க்கு 27. ஆக்சிஜன் 93. கெண்டைக்கால் ஒன்று மற்றதைவிடப் பருமனாகத் தெரிந்தது, நாடாவால் அளந்தேன், மூன்று சென்டிமீட்டர் கூட. காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போயிருக்குமோ என்று பயம். "நீங்கள் இப்போதே வந்து பார்க்கவேண்டும், டாக்டர்" என்று சொன்னேன். குரல் கொஞ்சம் உடைந்தது. வருகிறேன் என்றார். லிஃப்ட் சத்தம் கேட்கிறது, போகிறேன்.